நாற்சந்தியும் வலத்திருப்பமும்

சாலைகள் நான்கு கூடுமிடத்தை நாற்சந்தி என்கிறோம். அவ்விடத்தே விபத்துக்கள் மிகுவதேன் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் நாட்டில் ஊர்திகள் சாலையின் இடப்பாகமாகச் செல்லுதல் விதி. ஆகவே இடப்புறம் திரும்புவோன் எதிர்வருவோர் வழியில் புகுவதில்லை. வலப்புறம் திரும்புவோனோ அவ்வழியை ஊடறுத்தே செல்லல் வேண்டும். எதிரே நிற்கும் பேருந்து அவன் பார்வையை மறைத்தலும் உண்டு. மோதல் நேரின் அடி ஊர்தியின் பக்கத்தே விழும். ஆங்கு உள்ளிருப்போரைக் காப்பது மெல்லிய கதவொன்றே.

கணக்கிடுவோமாயின் இது தெளிவாகும். நாற்சந்தியில் ஊர்திகளின் பாதைகள் பிரியுமிடம் 8, கூடுமிடம் 8, குறுக்கிடுமிடம் 16, ஆக 32. அக்குறுக்கீடு பதினாறனுள் 12 வலத்திருப்பத்தால் விளைவன. அதனை விலக்கின் எஞ்சுவன நான்கே.

அங்ஙனமாயின் வலப்புறம் செல்ல வேண்டுவோர் என் செய்வர்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தார் 1960களில் ஒரு வழி கண்டனர். அங்கு ஊர்திகள் வலப்பாகமாகச் செல்வதால் இடத்திருப்பமே இடர். ஆதலின் இடப்புறம் செல்ல விரும்புவோர் சந்தியை நேரே கடந்து, சாலை நடுத்திட்டின் இடைவெளியில் மடங்கி மீண்டு, சந்தியில் வலப்புறம் திரும்பி ஏகுவர்.

வழி நீள்கின்றதே, கடைக்காரர்க்கு இழப்பன்றோ எனச் சிலர் முறையிடுவர். அது புறக்கணிக்கத் தக்கதன்று. மடங்குமிடம் சேய்மையிலிருப்பின் விதியை மீறுவோரும் தோன்றுவர். ஆதலின் தடை விதிக்குமுன் மாற்றுவழி அமைத்தல் ஆள்வோர் கடன். அமைந்தபின் அச்சிறு சுற்றைப் பொறுத்தல் நம் கடன். இழந்த நிமிடத்தை ஈடுசெய்யலாம். இழந்த உயிரை மீட்டல் இயலுமோ?