தில்லை மரத்தை அறியும் வகை

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரை அளித்த மரம் இப்பொழுது அந்நகரத்தைச் சூழ்ந்து காணப்படுவதில்லை. அதைக் காண விரும்புவோர் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட பிச்சாவரம் கழிகளுக்குச் செல்லல் வேண்டும். அங்கும் ஆழ்ந்த சேற்றில் இது மிகுதியாக வளராது. அலை அரிதாய் ஏறும் மேட்டுக் கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலுமே பெரும்பாலும் நிற்கும். ஆகையால் கழிக்காட்டு மரங்களில் வயல்களுக்கு மிக அண்மையில் உள்ளது இதுவே. இதன் பாலோ கண்ணுக்குப் பெருங்கேடு விளைப்பது. கரையோரத்தில் நிலமுடையோரும் அவர்தம் வேலையாட்களும் இதனைத் தப்பாது அறிந்திருத்தல் அவசியம்.

வளர்ந்த மரம் 30 அல்லது 40 அடி உயரும். வெட்டுண்ட இடங்களில் புதராய் நிற்கும். இலைகள் ஒரு கணுவுக்கு ஒன்றாக மாறிமாறி அமைந்திருக்கும். 3, 4 அங்குல நீளமும் வழவழப்பும் உடையவை. உதிருமுன் நன்றாய்ச் சிவக்கும். பச்சைக் காட்டின் நடுவே இச்சிவந்த இலைகள் தொலைவிலேயே மரத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் மஞ்சள் நிறக் கதிர்களை ஈக்கள் மொய்க்கும். பெண் மரத்தின் காய் ஆமணக்கங்காயைப்போல மூன்று பிரிவுடையது. ஆனால் சிறியது, முள்ளற்றது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாதலின் இவ்வொற்றுமை வியப்பன்று.

மயக்கம் உண்டாவது வெண்கண்டலோடுதான். வெண்கண்டற்றழையை மாட்டுக்கு இடுவதுண்டு. எனவே இப்பிழை நேராதிருத்தல் வேண்டும். வெண்கண்டலின் இலைகள் எதிரெதிராக இருக்கும். அடிப்புறம் சாம்பல் நிறமாயிருக்கும். மரத்தைச் சுற்றிலும் எழுதுகோல்களை நட்டாற்போல் வேர்கள் சேற்றினின்று மேலெழும். தில்லைக்கு இத்தகைய வேரில்லை. அதன் வேர்கள் பாம்புகளைப்போல் தரைமேல் படர்ந்து கிடக்கும். சுரபுன்னையை அதன் முட்டுக்கால் வேர்களும், முருங்கைக்காய்போல் தொங்கும் முளைகளும் எளிதில் அறிவிக்கும். ஐயம் தீராவிடின், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கையை நீட்டி ஓர் இலையைக் கிள்ளுக. வெண்பால் வடிந்தால் அது தில்லை. மற்றை இரண்டிலும் பாலில்லை.

1759-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு இட்ட எக்ஸ்கோகேரியா அகல்லோகா என்னும் பெயரில், முற்பகுதி இலத்தீனில் குருடாக்குவதைக் குறிப்பது. பிற்பகுதி அகிலைக் குறிப்பது. உண்மை அகில் வேறு மரம். விலை கருதித் தில்லையை வெட்டுவோர் ஏமாறுவர். மரம் இலேசானது. வங்கத்துச் சுந்தரவனத்தில் கேவா எனப்படும் இதே மரத்தைக்கொண்டு குல்னா ஆலையில் 1959 முதல் 2002 வரை செய்தித்தாள் காகிதம் செய்தனர். நம் பகுதியிலோ பிச்சாவரம் காப்புக்காடாதலின் அங்கு வெட்டுதல் குற்றமாகும். கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு உணர்த்துவாராக. விறகாகவும் இது உதவாது. புகையும் கண்ணை எரிக்கும்.

பால் தோலிற்பட்டால் கொப்புளிக்கும். கண்ணிற்பட்டால் கடும் எரிச்சலோடு சில காலம் பார்வையும் மறையலாம். கண்ணைக் கசக்கலாகாது, பால்பட்ட கையால் தொடவும் கூடாது. தாய்ப்பால், எண்ணெய், பச்சிலைச்சாறு முதலியவற்றை விடுவதும் தவறு. நல்ல நீரை இமைகளுக்குள் கால் மணி நேரத்திற்குக் குறையாது ஓடவிட்டு, தாமதியாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. இன்ன மரத்தின் பால் என்பதை அவரிடம் சொல்லத் தவறலாகாது.