எலி பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே, பாலாற்றின் இரண்டு கரையிலும், ஐம்பது வருஷம் வரப்பு வரப்பாக எலி தோண்டியவன் நான். இப்போது முட்டி மடங்குவதில்லை. கண்ணும் வாயும் மட்டும் வேலை செய்கின்றன. அந்த இரண்டையும் நம்பி இதைச் சொல்கிறேன்.

1. முயலை மறந்துவிடுங்கள். என் பேரன் போனில் ஒரு படம் காட்டினான். இங்கிலாந்தில் மணல் மேட்டில் முயல் வளை வளையாகத் தோண்டிக் குடியிருக்கிறது. வாசலுக்கு வாசல் வலை போட்டுவிட்டு, கீரி மாதிரி நீளமான ஒரு வளர்ப்புப் பிராணியை உள்ளே விடுகிறார்கள். முயல் பதறி வெளியே ஓடி வந்து வலையில் விழுகிறது. பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது. புல்லிலும் புதரடியிலும் பள்ளம் பறித்துப் படுத்திருக்கும். அதைத் தொட்டால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி வழக்கு. கீரியைப் பிடித்துப் பழக்குவதும் அப்படியே. ஆக, மணலுக்குள் வளை வைத்து நமக்காகக் காத்திருப்பது எலி ஒன்றுதான்.

2. முதல் ஒரு மாதம் கடப்பாரையைத் தொடாதீர்கள். வளையைப் பார்க்கப் பழகுங்கள். வாசலில் சிலந்தி நூல் கட்டியிருந்தால் அது காலி வீடு. மண் ஈரமாக, பொலபொலவென்று புதிதாகக் கிடந்தால், புழுக்கை பளபளப்பாக இருந்தால், உள்ளே ஆள் இருக்கிறது. சந்தேகமானால் சாயங்காலமே எல்லா வாசலையும் சேற்றால் அடைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். விடியற்காலையில் எது திறந்திருக்கிறதோ அதுதான் உங்கள் வளை. விவசாய ஆபீசுக்காரர்களும் இதையே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

3. எலி எல்லாம் ஒன்றல்ல. நெல் வரப்பைக் குடைந்து, வாசலில் மண்ணைக் குவித்து, உள்ளிருந்தே கதவை அடைத்துக்கொள்வது வரப்பெலி. நெற்கதிரை அறை அறையாகச் சேர்த்துவைப்பதும் அதுதான். மணல் பாங்கான கடலைக் கொல்லையில் இருப்பது வெள்ளெலி. வயிறு வெள்ளை, வால் நீளம், நுனியில் ஒரு குஞ்சம். இது பெரிய கள்ளன். மேல்மட்டம் வரைக்கும் ஒரு வழி பறித்து, வெளியே திறக்காமல் விரல்கடை மண்ணை மட்டும் மூடியாக விட்டுவைத்திருக்கும். நாம் முன்வாசலில் முட்டியிட்டிருக்கும்போது, ஐந்தாறு அடி தள்ளி மண்ணைப் பிளந்துகொண்டு எகிறிப் பறக்கும். அதனால் ஒருவன் தோண்டினால் ஒருவன் நின்றபடி தரையைப் பார்க்கவேண்டும். வளையைப் பார்க்காதே, சுற்றிலும் பார். மணல் மேல்தோல் லேசாக அசைந்தால் அங்கே கால் வை. நான் முதன்முதலில் போன அன்று ஏழு வெள்ளெலியைத் தவறவிட்டேன். என் அத்தை ஒரு வாரம் அதைச் சொல்லியே சிரித்தாள்.

4. நாய் ஒன்று பழக்குங்கள். மோப்பம் தெரிந்த நாட்டு நாய் இரண்டு ஆளுக்குச் சமம்.

5. புகை போடுவது பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும். இங்கிலாந்துக்காரனுக்கு அந்தப் பிராணி என்றால் நமக்குப் பானை. அடியில் சின்ன ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலும் காய்ந்த சருகும் திணித்து, நெருப்பு வைத்து, வாயை வளைக்குப் பொருத்திச் சுற்றிலும் மண் பூசி, ஓட்டையில் வாய் வைத்து ஊதுவோம். புகை உள்ளே போகப் போக, எந்தெந்த இடத்தில் கசிகிறதோ அதெல்லாம் வாசல். பார்த்துப் பார்த்து அடைக்கவேண்டும். எலி மயங்கிய பிறகு தோண்டினால் போதும். ஆனால் ஊதுகிறவர் கதை வேறு. நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் உதடு வெந்து, உள்ளங்கை சுட்டு, நெஞ்சில் புகை கட்டி இருமிக்கொண்டே காலம் தள்ளினார்கள்! பிறகு வாய்க்குப் பதிலாகக் கைப்பிடியைச் சுழற்றிக் காற்றடிக்கும் இரும்புக் கருவி வந்தது. சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் செய்தது. 2003இல் உலக வங்கி நடத்திய போட்டியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. அது கிடைத்தால் பானையைத் தூக்கிப் போடுங்கள். பாட்டன் முறை என்ற பெருமைக்காக யாரும் நுரையீரலைக் கொடுக்க வேண்டாம். கிடைக்காவிட்டால் புகையை விட்டுவிட்டுத் தோண்டியே பிடியுங்கள். ‘ஜெய் பீம்’ படத்தில் எலி பிடிப்பது சில நிமிடத்தில் முடிந்துவிடும். நமக்கு அது அரை நாள்.

6. மணலை நம்பாதீர்கள். களிமண் வரப்பு நின்று தாங்கும், மணல் சரியும். நேர்கீழே குழி பறிக்காமல், பக்கவாட்டில் சரிவாக வெட்டிக்கொண்டு போங்கள். வளையின் வழி மண்ணால் மூடிக்கொண்டால் திசை தப்பிவிடும். அதற்காக ஒரு பச்சைக் குச்சியை முன்னால் செருகிவிட்டுப் பிறகு வெட்டுங்கள். ஆற்றில் மணல் அள்ளிய பள்ளத்தின் விளிம்புப் பக்கமே போகக்கூடாது.

7. வளைக்குள் கை விடாதீர்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வாசல் மழமழவென்று தேய்ந்திருந்தாலோ, சட்டை உரித்துக் கிடந்தாலோ கடப்பாரையைக் கீழே வையுங்கள். பெரும்பாலும் சாரையாக இருக்கும். ஆனால் நல்ல பாம்புக்கும் எலி வளை பிடிக்கும். காய்ந்த கரம்பில் சுருட்டை விரியன் சின்னதாகச் சுருண்டு கிடக்கும்.

என் அப்பா காலத்தில் பாம்பைத் தோலுக்காகப் பிடித்தோம். தோல் வியாபாரத்தால் பிழைத்த சீமை இது. ஆட்டுத் தோல் மாதிரியே பாம்புத் தோலுக்கும் ஆள் வந்து விலை பேசினான். 1972 சட்டம் வந்தது, பிறகு ஏற்றுமதியும் நின்றது, வயிறு காய்ந்தது. 1978இல் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். பிடித்த பாம்பின் விஷத்தை எடுத்துவிட்டுக் காட்டிலேயே விடுகிறார்கள். விஷமுறிவு ஊசிக்கு மூலம் அந்த விஷம்தான். நம் ஆட்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. அவர்களுக்கே கை விடத் துணிச்சல் இருக்கலாம், உங்களுக்கு வேண்டாம். கடித்துவிட்டால் வேர் தேடாதீர்கள், கட்டு போடாதீர்கள், பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

8. எந்த எலியைச் சாப்பிடலாம் என்று கேட்பீர்கள். வயலில் மேய்ந்ததை மட்டும். நிலத்துக்காரர் மருந்து வைத்தாரா என்று முதலில் கேளுங்கள். கறுப்புப் பொடியைக் கடலையிலும் அரிசியிலும் கலந்து வைப்பார்கள். வைத்திருந்தால் அந்தக் கொல்லையையே விட்டு வாருங்கள். தானாகச் செத்துக் கிடப்பதைத் தொடாதீர்கள். டேனரி ஓரத்தில் தோல் கழிவைத் தின்று கொழுத்தது எவ்வளவு பெருசாக இருந்தாலும் வேண்டாம். அந்தப் பக்கம் நிலமும் போய்விட்டது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் முழுசாகவோ பாதியாகவோ விளையாமல் போனதென்று 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். பயிர் இல்லாத இடத்தில் நமக்கு எலி ஏது?

9. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகால் கழுவுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் இருக்கிறது.

10. வளைக்குள் கிடைக்கும் கதிர் யாருக்கு என்பதைத் தோண்டுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். நல்ல வரப்பெலி வளை ஒன்றில் ஒரு வேளைச் சோற்றுக்கு மேலேயே நெல் இருக்கும். எலியும் கதிரும் நமக்கு என்பதுதான் பழைய வழக்கம். இப்போது சிலர் கதிரைக் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். எலிக்குக் கூலி தராதவர் கதிரையாவது விட்டுத்தரட்டும்.

11. கடைசியாக, வரப்பை மூடுங்கள். தோண்டின மண்ணைத் தள்ளி, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து, மண்வெட்டியால் தட்டி, இருந்தது மாதிரி வையுங்கள். மூடாமல் வந்தால் இரவில் பாயும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பக்கத்து வயலுக்குப் போய்விடும். அண்ணன் தம்பிக்கே அதில் அடிதடி வரும். ஒரே ஒரு தடவை நான் அவசரத்தில் மூடாமல் வந்தேன். அந்த நிலத்துக்காரர் மூன்று வருஷம் என்னைக் கொல்லைக்குள் விடவில்லை. அவர் செய்தது நியாயம்.

நாளைக்கு விடிவதற்குள் ஆற்றங்கரை அரசமரத்தடிக்கு வந்துவிடுங்கள். கடப்பாரை என்னுடையது இருக்கிறது. ஆளுக்கொரு மண்வெட்டி கொண்டு வாருங்கள்.