அட்டையில் இல்லாதது

பெரிய காஞ்சிபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

இணையத்தில் நாலு படிப்பு முடித்தால் நல்ல கோச் ஆகலாமா என்று கேட்டிருந்தாய். அரசு வேலைதான் குறி என்றால் பதில் ஒரு வரிதான்: அறிவிப்புகள் பொதுவாகக் கேட்பது, 1961இல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயத்தை. ஆனால் ‘நல்ல’ என்று ஒரு சொல் போட்டுவிட்டாயே, அதுதான் இந்தக் கடிதத்தை நீட்டுகிறது. தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டையை நினைத்துக்கொள். எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை அதன் துளைகள் சொல்லும். பிரான்சில் 1804 வாக்கில் வந்த இந்த ஏற்பாட்டைத்தான் கணிதர் பாபேஜ், கணினிக்கு முன்னோடியான தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொள்ளத் திட்டமிட்டார். ஆகவே உன் இணையப் பாடத்துக்குத் தறிதான் பாட்டன் என்பது என் கட்சி. சிரித்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். அட்டை மயிலையும் அன்னத்தையும் மறக்காது. ஆனால் சேலையின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வைக்கு மூன்று நாடா வேண்டும், எதிர்ப்பக்கம் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். எவ்வளவு இழுத்தால் கரை சுருங்கும் என்பது எந்த அட்டையிலும் இல்லை, கைக்குத்தான் தெரியும்.

பயிற்சி தருவதும் அப்படித்தான். நீளம் தாண்டுதலையே பார். கடைசிக்கு முந்தைய எட்டு நீண்டு, கடைசி எட்டு குறுக வேண்டும்; அப்போதுதான் இடுப்பு சற்றே தாழ்ந்து, பிறகு மேலே எழும். இந்தக் காரணத்தை இணையப் பாடம் பல மைதான ஆசான்களைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும். ‘கிரவுண்டில் கற்றதே போதும்’ என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் கிடையாது. காரணம் தெரியாத பழக்கம் தப்பையும் சேர்த்தே அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடும். ஆனால் உன் முன்னால் ஓடிவரும் பையன் அந்த எட்டைச் சரியாக வைத்தானா? பலகையில் கால் பதியும் நேரம் நொடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. நொடிக்கு 30 படம் எடுக்கும் கைபேசியில் அது நாலு படம். 240 வைத்தால் முப்பது. அதையும் பலகைக்கு நேர் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து எடுக்க வேண்டும். கோணலாக எடுத்த படம் எட்டின் நீளத்தில் பொய் சொல்லும்.

சதுரங்கத்தை இணையத்திலேயே கற்றுத்தருகிறார்களே என்பாய். உண்மைதான், 64 கட்டமும் திரையில் முழுசாகத் தெரிகின்றன. ஆனால் 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் வெண்கலம் வென்ற இந்திய ‘பி’ அணியின் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ், 2003இல் கிராண்ட்மாஸ்டர் ஆகி, 2008இல்தான் பயிற்சிக்கூடம் தொடங்கினார். பலகை முன் உட்கார்ந்த ஆண்டுகளை அவரும் தாண்டிக் குதிக்கவில்லை. சான்றிதழை வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள்மேல் எனக்குள்ள எரிச்சல் இதனால்தான்.

உலகத் தடகள அமைப்பின் இணையப் பாடத்தில் தாராளமாகச் சேர். ஒரு பாடம் முடிந்ததும் அடுத்ததைத் திறக்காமல் இரண்டு வாரம் மைதானத்தில் அதை முயன்று பார். அடுத்த கடிதத்தில் சான்றிதழ் நகல் வேண்டாம். உன் பிள்ளைகள் நாலு பேரின் கடைசி இரண்டு எட்டுகளை அளவு நாடா வைத்து அளந்து எழுது.