எண்ணுக்குப் பின்னே மனிதர்

நுழையும்முன்

மேனிலைக் கல்வியை முடிக்கும் மாணவர், பட்டப்படிப்பாகப் புள்ளியியலைத் தேரலாமா என எண்ணும்போது, “இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” என்னும் வினா எழுவது இயல்பு. வயல்வெளி, மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம், தொழிற்சாலை, அரசு அலுவலகம் எனப் பல இடங்களிலிருந்தும் அதற்கு விடை கிடைக்கிறது. அப்பணிகள் யாவை, அவை எத்தகைய திறனையும் பொறுப்பையும் வேண்டி நிற்கின்றன என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சோறும் குடமும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. பானை முழுவதையும் கொட்டிப் பார்க்காமல், ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தே சோறு வெந்ததா என அறிகிறோம். முழுமையை எண்ணிப் பார்க்க இயலாதபோது அதன் ஒரு கூற்றை ஆராய்ந்து முடிவு காண்பதே புள்ளியியலின் அடிப்படை.

ஆயினும், பானைச் சோற்றுக்கு வாய்த்த நன்மை நாட்டுக்கு வாய்ப்பதில்லை. கொதிக்கும் உலையில் வெப்பம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலப் பரவும். ஊரிலோ, ஒரு தெருவில் வளமும் அடுத்த தெருவில் வறுமையும் இருக்கும். ஆகவே, எந்தப் பருக்கையை எடுப்பது என்பதே இங்கு முதன்மையான வினாவாகிறது. எடுப்பவர் தமக்கு எளிதானதையோ தமக்குப் பிடித்ததையோ எடுத்தால் முடிவு பிழையாகும்.

இதற்குத் தீர்வாக அமைவது சமவாய்ப்பு முறை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையைக் குறிப்பிடுகிறது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஊராட்சி உறுப்பினரைத் தேர்வதே அதன் நோக்கம், புள்ளியியல் ஆய்வன்று. எனினும், தேர்வு செய்பவரின் விருப்பு வெறுப்பு உள்ளே நுழையக் கூடாது என்னும் கருத்து இரண்டுக்கும் பொதுவானது. புள்ளியியல் கற்றவர் எத்துறைக்குச் சென்றாலும் அவர் உடன் கொண்டுசெல்லும் முதற்கருவி இந்த நடுநிலையே.

வயல்வெளியில் ஓர் எண்

ஒரு மாவட்டத்தின் நெல் விளைச்சலை எவ்வாறு அறிவது? வயல் ஒவ்வொன்றின் நெல்லையும் நிறுத்துப் பார்க்க இயலாது. எனவே, பயிர் அறுவடைப் பரிசோதனை மேற்கொள்ளப்படுகிறது. சமவாய்ப்பு முறையில் சிற்றூரும் அதனுள் வயலும் தேர்ந்தெடுக்கப்படும். வயலுக்குள் எந்த இடத்தில் அறுப்பது என்பதையும் சமவாய்ப்பு எண்களே முடிவு செய்யும். அவ்விடத்தில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உடைய சதுரத்தை அளந்து, அதிலுள்ள நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி எடைபோடுவர்.

இச்சதுரத்தின் பரப்பு 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதாவது இச்சதுரத்தைப் போல 400 மடங்கு. சதுரத்தில் 10 கிலோ நெல் கிடைத்தால், ஹெக்டேருக்கு 4,000 கிலோ எனக் கணக்காகும். எடையில் ஒரு கிலோ பிழை நேர்ந்தால் அது ஹெக்டேருக்கு 400 கிலோ பிழையாகப் பெருகும்.

இவ்வெண்ணிக்கை ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு பகுதியின் விளைச்சல் வரையறுத்த அளவுக்குக் கீழே சென்றதா என்பதை முடிவு செய்ய இப்பரிசோதனை அடிப்படையாகிறது. எண்கள் காட்டிய இடம் கருகிய மூலையாக இருக்கிறது. பத்தடி தள்ளிப் பயிர் செழித்து நிற்கிறது. அலுவலர் செழித்த இடத்தில் கயிற்றைப் பிடித்து அளக்கிறார் எனக் கொள்வோம். விளைச்சல் மிகுதி என்று பதிவாகும். இழப்புற்ற உழவர்க்கு உரிய இழப்பீடு கிடைக்காமற் போகலாம். வேண்டுமென்றே கருகிய இடத்தைத் தேர்ந்தாலும் அதுவும் பிழையே. இரக்கத்தால் திருத்திய எண்ணும் பொய்யெண்தான். அப்பொய் வெளிப்படும் நாளில், உண்மையாகவே இழப்புற்றவரின் கணக்கையும் எவரும் நம்பமாட்டார்.

மருத்துவமனையில் ஒரு வினா

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, காசநோயாளர் உடல்நல விடுதியில் தங்கி, ஓய்வெடுத்து, ஊட்டமான உணவு உண்டால்தான் நோய் தீரும் என்னும் கருத்து வலுவாக இருந்தது. இந்தியாவிலோ நோயாளர் எண்ணிக்கைக்கு ஈடான படுக்கைகள் இல்லை. வீட்டிலிருந்தபடியே மருந்துண்டால் நோய் குணமாகுமா? வீட்டிலுள்ள பிறருக்கு நோய் பரவுமா?

இவ்வினாக்களுக்கு விடை காண 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளரைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் விடுதியில் தங்கினர். மற்றொரு குழுவினர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு குழுவினர்க்கும் ஒரே மருந்துகள் ஓராண்டுக் காலம் தரப்பட்டன. யாரை எங்கு அனுப்புவது என்பதை மருத்துவரே முடிவு செய்திருந்தால், நோய் கடுமையானவர் ஒரு பக்கமும் எளியவர் மறுபக்கமும் சேர்ந்திருக்கக் கூடும். பின்னர் முடிவுகள் வேறுபட்டால், அதற்குக் காரணம் இடமா, நோயின் கடுமையா எனப் பிரித்தறிய இயலாது.

1959ஆம் ஆண்டு வெளியான முடிவுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. வீட்டில் இருந்தவர்கள் எளிய உணவே உண்டனர். அவர்களுக்கு ஓய்வும் குறைவு. இருப்பினும், விடுதியில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ ஈடாக அவர்கள் நலம் பெற்றனர். அவர்தம் குடும்பத்தினர்க்கும் நோய் பரவும் இடர் கூடுதலாக இல்லை. உலகின் பல நாடுகளில் காசநோயாளரை வீட்டிலிருந்தே குணப்படுத்தும் முறைக்கு இவ்வாய்வு வழிகோலியது. அம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

மருந்தைக் கண்டறிவது மருத்துவ அறிவியல். அம்மருந்து உண்மையில் பயன் தருகிறதா, எத்தனை பேரிடம் சோதித்தால் முடிவை நம்பலாம் என்று வகுத்துரைப்பது புள்ளியியல். மருத்துவ ஆராய்ச்சி நிறுவனங்களிலும் மருந்து நிறுவனங்களிலும் உயிரியல் புள்ளியியலாளர்க்கு இடம் இருப்பதற்கு இதுவே காரணம்.

பிற பணிவாய்ப்புகள்

புள்ளியியலைப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றவர்கள், ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதலாம். இப்பணி 1961ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. விலைவாசி, வேலைவாய்ப்பு, குடும்பச் செலவு முதலியன குறித்த நாட்டின் கணக்கெடுப்புகளில் இவ்வலுவலர்கள் பங்கேற்கின்றனர். தமிழ்நாட்டில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது.

காப்பீட்டுத் துறையில் ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளர்கள் தேவைப்படுகின்றனர். இத்தனை வயதினர் எத்தனை ஆண்டுகள் வாழக்கூடும், அதற்கேற்பக் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு, ஓய்வூதியத்துக்கு இன்று எவ்வளவு ஒதுக்க வேண்டும் என அவர்கள் கணிக்கின்றனர். இத்தகுதியைப் பெறப் பல தாள்களைக் கொண்ட தொழில்முறைத் தேர்வுகளில் தேற வேண்டும். அதற்குச் சில ஆண்டுக்கால உழைப்பு வேண்டும்.

தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு புள்ளியியலைச் சார்ந்தது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950ஆம் ஆண்டு ஜப்பானில் ஆற்றிய சொற்பொழிவுகள் அந்நாட்டுத் தொழில்துறையில் தரம் பற்றிய விழிப்பை வளர்த்தன. வங்கிகள், இணைய வணிக நிறுவனங்கள், கணினி நிறுவனங்கள் ஆகியன தரவு அறிவியலர்களைப் பணியமர்த்துகின்றன. இவற்றுள் நுழைய விரும்புவோர் புள்ளியியலோடு ஆர், பைத்தான் போன்ற நிரல்மொழிகளையும் கற்றல் நலம்.

வழிகாட்டிய இருவர்

இயற்பியல் பேராசிரியராக விளங்கிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1931ஆம் ஆண்டு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் பிறந்த ஜூன் 29ஆம் நாளையே நாம் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

இன்றைய கர்நாடகத்தின் ஹடகளியில் 1920ஆம் ஆண்டு பிறந்தவர் சி. ஆர். ராவ். கணிதத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற அவர், உலகப்போர்க் காலத்தில் வேலை தேடிக் கொல்கத்தாவுக்குச் சென்றார். நாடிய வேலை கிட்டவில்லை. 1941ஆம் ஆண்டு மகலனோபிசின் நிறுவனத்தில் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். 1945ஆம் ஆண்டு, தம் இருபத்தைந்தாம் வயதில் அவர் வெளியிட்ட கட்டுரை, இன்றும் உலகெங்கும் மாணவர் பயிலும் கருத்துகளைத் தந்தது. 2023ஆம் ஆண்டு, 102ஆம் வயதில் அவர் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசுக்குத் தேர்வானார். வேலை தேடிச் சென்று கிடைக்காத ஒரு பயணமே இத்தகைய வாழ்வுக்குத் தொடக்கமாயிற்று.

ஆயத்தமாவது எவ்வாறு?

புள்ளியியலில் இளநிலைப் பட்டம் பயிலப் பெரும்பாலும் மேனிலை வகுப்பில் கணிதம் பயின்றிருத்தல் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி முதலிய இடங்களில் புள்ளியியல் துறைகள் உள்ளன. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

கணக்குத் திறன் மட்டும் போதாது. கண்டறிந்ததை உழவர்க்கும் மருத்துவர்க்கும் அமைச்சர்க்கும் விளங்கும்படி எழுதவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். மொழித்திறன் அற்றவரின் முடிவு கோப்பிலேயே உறங்கிவிடும். எல்லாவற்றினும் மேலாக, விரும்பாத விடை வந்தாலும் அதை மறைக்காத நேர்மை வேண்டும். எதிர்பார்த்த எண்ணைத் தருமாறு அழுத்தம் வரும் நாள் இப்பணியில் எவர்க்கும் வரக்கூடும். அப்போது, அந்த எண்ணுக்குப் பின்னே இழப்பீட்டுக்குக் காத்திருக்கும் உழவரும் மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளியும் நிற்கின்றனர் என்பதை நினைவிற்கொள்பவரே சிறந்த புள்ளியியலாளர் ஆவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி மாணவர்கள் நாள்தோறும் படிக்கச் செலவிடும் நேரத்தை அறிய 30 மாணவரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கத் திட்டம் ஒன்று வகுக்க. முதலில் கண்ணில் படும் 30 பேரைக் கேட்டால் நேரும் குறை யாது எனக் கலந்துரையாடுக.

2. நாளிதழில் வந்த கணக்கெடுப்புச் செய்தி ஒன்றைத் தேர்ந்து, எத்தனை பேரிடம், எவ்வாறு தேர்ந்தெடுத்துக் கேட்டனர் என்னும் விவரம் அதில் உள்ளதா என ஆராய்க.

மதிப்பீடு

குறுவினா: குடவோலை முறைக்கும் சமவாய்ப்பு முறைக்கும் பொதுவான கருத்து யாது?

சிறுவினா: 5 மீட்டர் சதுரத்தில் 8 கிலோ நெல் கிடைத்தால், ஹெக்டேருக்கு விளைச்சல் எவ்வளவு? இக்கணக்கில் நேரும் பிழை உழவரை எவ்வாறு பாதிக்கும்?

நெடுவினா: “இரக்கத்தால் திருத்திய எண்ணும் பொய்யெண்தான்” – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.