பெயரும் அடையாளமும்

புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது நாம் முதலில் கேட்பது அவருடைய பெயரையே. விடையாக வருவது ஓரிரு சொற்கள்தாம். ஆயினும், ஒரு குடும்பத்தின் நினைவும் ஊரின் வழிபாடும் காலத்தின் கொள்கையும் அச்சொற்களில் அடங்கியிருக்கக்கூடும். பண்பாடு, சமூகமயமாதல், அடையாளம் ஆகிய மூன்று சமூகவியல் கருத்துகளைப் பெயர் என்னும் எளிய சான்றின்வழி இப்பாடத்தில் அறிவோம்.

பண்பாடு

மனிதர் சமூகத்தின் உறுப்பினர் என்ற நிலையில் பெறும் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் முதலியவற்றின் தொகுதியே பண்பாடு என மானுடவியல் அறிஞர் எட்வர்டு டைலர் 1871இல் விளக்கினார். எனவே, பண்பாடு பிறப்பில் வருவதன்று, கற்றுக்கொள்ளப்படுவது.

பெயரிடும் முறையும் அவ்வாறு கற்ற வழக்கமே. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் 'பெயரன்'. அச்சொல்லே 'பேரன்' என மருவிற்று. 'பெயர்த்தி' என்பது 'பேத்தி' ஆயிற்று. கருப்பசாமி, முனியாண்டி, மாரியம்மாள் போன்ற பெயர்கள் ஊர்த்தெய்வ வழிபாட்டைக் காட்டுகின்றன. இந்தியாவின் பல பகுதிகளில் பெயருக்குப்பின் குடும்பப்பெயர் வருகிறது. தமிழ்நாட்டிலோ பெற்றோர் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் பெயருக்குமுன் இடுவதே பெருவழக்கு.

சமூகமயமாதல்

பிறந்த குழந்தை தன் பெயரை அறியாது. வீட்டார் மீண்டும் மீண்டும் அழைக்க, அவ்வொலி தன்னையே குறிக்கிறது என உணர்கிறது. இவ்வாறு சமூகத்தின் மொழியையும் நெறிகளையும் மதிப்புகளையும் கற்றுத் தன்வயப்படுத்திக்கொள்வதே சமூகமயமாதல் ஆகும். குடும்பத்தில் நிகழ்வது முதன்மைச் சமூகமயமாதல். பள்ளி, நண்பர் குழு, ஊடகம் ஆகியவற்றின்வழி நிகழ்வது இரண்டாம் நிலைச் சமூகமயமாதல்.

பிறர் நம்மை எவ்வாறு மதிக்கின்றனர் என நாம் எண்ணுகிறோமோ, அவ்வெண்ணமே நம்மைப் பற்றிய நம் கருத்தை உருவாக்குகிறது என்றார் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் சார்லஸ் கூலி. பிறரை அவர் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒப்பிட்டார்.

அடுத்தடுத்துப் பெண் குழந்தைகள் பிறந்த வீடுகளில் கடைசி மகளுக்குப் 'போதும்பொண்ணு' எனப் பெயரிடும் வழக்கம் உண்டு. அடுத்ததேனும் ஆணாகப் பிறக்கட்டும் என்ற விருப்பமே அதன் காரணம். பெற்றோர் அக்குழந்தையிடம் அன்பு காட்டுவர் எனினும், ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் அவள் காணும் கண்ணாடி எது? தன் வருகை விரும்பப்படவில்லை என்பதன்றோ அதில் தெரியும்? ஒரு சமூகம் பெண்ணுக்குத் தரும் மதிப்பு, பெயராகி அவள் மனத்தில் பதிகிறது. அதே பெண் பள்ளியில் ஆசிரியரின் பாராட்டையும் தோழியரின் நட்பையும் பெறும்போது வேறொரு கண்ணாடியையும் காண்கிறாள். சமூகமயமாதல் வீட்டோடு முடிந்துவிடுவதில்லை.

அடையாளம்

'நான் யார்?' என்னும் வினாவுக்கு ஒருவர் தரும் விடையும், 'அவர் யார்?' என்பதற்குச் சமூகம் தரும் விடையும் இணைந்ததே அடையாளம். இவ்விரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. முரண்படும்போது மாற்றம் பிறக்கிறது.

ஒரு காலத்தில் தமிழரின் பெயரோடு சாதிப்பட்டமும் ஒட்டியிருந்தது. பெயரைக் கேட்ட அளவிலேயே மனிதரை மேல், கீழ் என வகுக்க அது துணைசெய்தது. 1929இல் செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு, சாதிப்பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. மொழிப்பற்றும் பெயரை மாற்றியது. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அண்மைக்காலத்தில் திருநர் பலர் தாம் உணர்ந்த பாலினத்திற்கேற்பத் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொள்கின்றனர். ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இன்று தமிழ்நாட்டு வகுப்பறைகளின் வருகைப்பதிவேட்டில் சாதிப்பட்டத்தோடு கூடிய பெயரைக் காண்பது அரிது. மூன்று தலைமுறைகளின் பண்பாட்டு மாற்றம் அது. ஆனால், பெயரிலிருந்து நீங்கிய சாதி, மனத்திலிருந்து முற்றும் நீங்கிவிடவில்லை. பெயரைக் கேட்டபின் ஊரையும் தெருவையும் கேட்டுச் சாதியை அறிய முயல்வோர் இன்றும் உளர். வழக்கம் மாறுவதோடு அவ்வழக்கத்தின் அடியிலுள்ள மதிப்பும் மாறும்போதே மாற்றம் முழுமை பெறும்.

பண்பாடு நமக்குத் தரப்படுகிறது. சமூகமயமாதல்வழி அதனைப் பெறுகிறோம். பெற்றதில் எதைப் பேணுவது, எதை விடுவது என ஆராய்ந்து தேர்வதில்தான் நம் அடையாளம் முழுமையடைகிறது.

சிந்தித்து விடை தருக

1. உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களைத் தொகுத்து, அவற்றில் காணும் மாற்றங்களுக்குக் காரணம் கூறுக.
2. தாய் பெயரின் முதலெழுத்தையும் தலைப்பெழுத்தாக இடுவது எவ்வகைச் சமூக மதிப்பை உணர்த்துகிறது?
3. பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வது ஒருவரின் அடையாளத்தை எவ்வாறு பாதிக்கும்? கூலியின் கருத்தைக்கொண்டு விளக்குக.