தீக்குச்சி கற்கக் கல்கத்தா போனவர்கள்

அன்புள்ள தம்பி,

கண்டுபிடிப்பாளர், முதலாளி, வள்ளல் மூன்றும் ஒருவராகவே இருந்த ஆளைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தாய். உன் மனத்தில் இருப்பவர் ஆல்பிரட் நோபல் என்பது தெரிகிறது. 1864-ல் நைட்ரோகிளிசரின் வெடித்ததில் தம்பி எமிலைப் பறிகொடுத்தவர், 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர், 1896-ல் இறந்தவர். அவர் உயிலின்படி 1901 முதல் பரிசு கொடுக்கிறார்கள். இதெல்லாம் உன் பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். மல்லாங்கிணற்றில் இருந்துகொண்டு நெருப்பைத் தொழிலாக்கியவர்களைத் தேடுகிறவன் முதலில் பக்கத்திலிருக்கும் சிவகாசியைத்தானே பார்க்க வேண்டும்?

சிவகாசியும் உன் ஊர்ப்பக்கம்போல வானம் பார்த்த பூமி. அன்று மழை பொய்த்தால் வேலை இருக்காது. அங்கிருந்து 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்று உறவுக்கார இளைஞர்கள் இரண்டு பேர் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். போனது தீப்பெட்டி செய்யக் கற்க. அதுவரை பெரும்பாலும் ஸ்வீடனிலும் ஜப்பானிலும் இருந்து கப்பலில் வந்த தீப்பெட்டிகளைத்தான் நம் வீடுகளில் உரசினார்கள். இறக்குமதித் தீர்வை ஏறிய காலம் அது. உள்ளூர்க்காரன் நுழைய வாசல் திறந்திருந்தது.

தீப்பெட்டியின் சூட்சுமமும் ஸ்வீடன்காரர்கள் தந்ததுதான். பழைய குச்சிகளின் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் ஆவி பட்டுத் தொழிலாளர்களின் தாடை எலும்பே அழுகியது. 1844-ல் குஸ்டாஃப் பாஷ் என்பவர் அதைத் தள்ளிவிட்டு, தீங்கில்லாத சிவப்புப் பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கவாட்டில் பூசினார். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட். இரண்டும் உரசினால்தான் நெருப்பு.

ஊர் திரும்பியவர்கள் 1923-ல் ஜெர்மன் இயந்திரங்களை வைத்துத் தொழில் தொடங்கினார்கள். அது சரிப்படவில்லை. இயந்திரத்தை விட்டுவிட்டு, அது செய்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கைகளிடம் கொடுத்தார்கள். குச்சி அடுக்க ஒருவர், மருந்தில் முக்க ஒருவர், பெட்டி ஒட்ட வேறொருவர். ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைகளுக்கே போனது. என்னைக் கேட்டால் அவர்களுடைய கண்டுபிடிப்பு இதுதான். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத கண்டுபிடிப்பு! அதே 1923-ல் ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்று விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள் வந்து பெரிய இயந்திரங்களை ஓட்டியது. அதற்கு எதிரே திண்ணைத் தொழில் நிலைத்ததற்குக் குறைந்த கூலியும் காரணம், கைத்தயாரிப்புக்குப் பின்னாளில் கிடைத்த வரிச்சலுகையும் காரணம்.

1926-ல் இருவரும் பிரிந்தார்கள். ஒருவர் அணில் மார்க், மற்றவர் காக்கா மார்க். அந்த லேபிள்களை அச்சடிக்கப் போய்த்தான் சிவகாசியில் அச்சகங்கள் பெருகின. 1940-ல் வெடிமருந்து விதிகள் வந்து பட்டாசு செய்வதற்கான உரிமம் முறைப்பட்டது. தீப்பெட்டி ஆலைகளுக்குப் பக்கத்தில் பட்டாசு ஆலைகளும் (ஊர்ப்பேச்சில் ‘ஆபீஸ்கள்’) எழுந்தன. சம்பாத்தியம் கல்விக்கும் போனது: 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி தொடங்கியது.

இதோடு நிறுத்தினால் நான் உனக்குப் பாதிதான் சொன்னவனாவேன். வேலையைத் துண்டாக்கியதால் பச்சைப் பிள்ளைகளாலும் அதைச் செய்ய முடிந்தது, செய்ய வைத்தார்கள். 1986-ல் வந்த சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்றது. சிவகாசிச் சிறுவர்களுக்காக நடந்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விபத்துகளோ ஓயவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும் நான் பெரிய மனிதர்கள் என்றே சொல்வேன். அவர்கள் கட்டிய தொழிலின் கணக்கில் அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூட நாள்களையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றும் சொல்வேன். உன் தெருவில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பாட்டிகள் இருந்தால், எந்த வயதில் குச்சி அடுக்க உட்கார்ந்தார்கள், குச்சி அடுக்கிய கட்டை ஒன்றுக்கு என்ன கூலி வாங்கினார்கள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்