தலா அரசுச் செலவும் மாநில ஒப்பீடும்

மாநில அரசு ஓராண்டில் செய்யும் செலவை அம்மாநில மக்கள்தொகையால் வகுத்துப் பெறுவது தலா அரசுச் செலவு. இவ்வெண்களை வரிசைப்படுத்தினால் சிக்கிம், அருணாசலப் பிரதேசம் போன்ற சிறிய மலை மாநிலங்கள் முன்னும், உத்தரப் பிரதேசம், பீகார் ஆகியவை பின்னும் நிற்கும். முன்னவை மக்கள் நலனில் அக்கறை மிக்கவை, பின்னவை அக்கறையற்றவை என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர் உளர். அது அவசர முடிவு.

முதலில், எதைச் செலவென்று கொள்கிறோம்? மொத்தச் செலவில் பொதுக்கடனைத் திருப்பிச் செலுத்தும் தொகையும் அடங்கும். பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்கினால், மக்களுக்கு ஒரு ரூபாயும் சேராமலே செலவு பெருகித் தோன்றும். லாட்டரி நடத்தும் மாநிலங்களில் சீட்டு விற்பனை வரவாகவும் பரிசுத்தொகை செலவாகவும் கணக்கில் ஏறுகின்றன. பரிசு விழுந்தவர் பெற்றதைப் பள்ளி, மருத்துவமனைச் செலவோடு கூட்டுவது எங்ஙனம் பொருந்தும்? இவ்விரண்டையும் கழித்த பின்னரே ஒப்பிடுதல் முறை. வரவு செலவுத் திட்ட மதிப்பீடுகளை விடுத்து இறுதிக் கணக்குகளையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வகுக்கும் எண்ணிலுள்ள சிக்கல் இதனினும் நுட்பமானது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவ்வாண்டு நடைபெறாமற்போகவே, பலர் 2011ஆம் ஆண்டு எண்ணிக்கையையே கையாள்கின்றனர். 2001-2011இல் பீகாரின் மக்கள்தொகை 25 விழுக்காடு பெருகியது. கேரளத்தின் பெருக்கம் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பிற்காலச் செலவைப் பழைய எண்ணால் வகுத்தால் எல்லா மாநிலங்களின் தலா செலவும் மிகையாகும். பீகாருடையது மிகமிக மிகையாகும். வறிய மாநிலத்தின் குறையை நாமே மறைத்தவர்களாவோம். அந்தந்த ஆண்டுக்குரிய முன்மதிப்பீட்டு எண்ணிக்கையே ஏற்றது.

மேலும், ஒரு ரூபாய் எங்கும் ஒரே அளவு பணியைச் செய்வதில்லை. அருணாசலப் பிரதேசத்தின் பரப்பு 83,743 சதுர கிலோமீட்டர். பீகாரின் பரப்பு 94,163. ஆயினும் 2011இல் முன்னதில் வாழ்ந்தோர் 13.84 லட்சம், பின்னதில் 10.41 கோடி. துணைச் சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கு ஒன்று என்பது நெறிமுறை. கட்டடமும் ஊழியரும் அவையே. தலா செலவு மட்டும் மூன்றில் இரு பங்கு கூடிவிடுகிறது.

இத்திருத்தங்களுக்குப் பின்னும் பீகாரின் குறை நீங்குவதில்லை. அதன் வருவாயில் பெரும்பகுதி மத்திய அரசிடமிருந்து வருவது. 2021-26க்கான பதினைந்தாவது நிதிக்குழு, வருமான இடைவெளிக்கு 45 விழுக்காடு முக்கியத்துவம் அளித்து, மாநிலங்களுக்கான வரிப்பங்கில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை அதற்கு ஒதுக்கியது. சொந்த வரி வருவாய் மெலிந்திருப்பதால் அதுவும் போதவில்லை. ஆகவே தலா செலவுக்கு அருகே மாநில உற்பத்தியில் செலவின் விகிதத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும். முதற்பட்டியலில் கடைசியில் நிற்கும் பீகார், இரண்டாவதில் பெரிய மாநிலங்களிடையே முன்வரிசைக்கு வந்துவிடும்.